வட்டமடித்த மூக்காயி

ஓர் ஆய்வுக்கூடத்துக் கூண்டில் மூக்காயி, குறுவால் என்று இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள் இருந்தன. ஒரே ஈற்றில் பிறந்த சகோதரிகள். வயது இரண்டு. சுண்டெலிக் கணக்கில் அது கொள்ளுப்பேத்தி எடுத்த வயது! காகிதத் துணுக்குகளில் கூடு கட்டி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தால்தான் இரண்டுக்கும் தூக்கம் வரும்.

வயதானால் ஞாபகம் எப்படிக் குறைகிறது என்று சோதிப்பது ஆய்வாளர் மங்களேஸ்வரியின் வேலை. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே எதுவும் தெரியாதபடி பால்பொடியைக் கலந்துவிடுவார். தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை மறைந்திருக்கும். எலி ஒரு நிமிடத்துக்குள் நீந்திப் போய் அதில் ஏற வேண்டும். அடையாளத்துக்குச் சுவரில் படங்கள் இருந்தன. சில நாள் பழக்கிவிட்டு, கடைசி நாளில் ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்ற எலியை வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள்.

குறுவால் முதல் நாளே இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூக்காயிக்கோ காலையில் தின்றது மதியம் ஞாபகமிருக்காது.

“சிவப்பு முக்கோணத்துக்கு நேரே இருக்குடி. இதுகூடவா மனசுல நிக்கல?” என்று குறுவால் சிரித்தது.

“நிக்கலையே. நாளைக்குக் கேட்டா நீ சொன்னதையும் மறந்திருப்பேன்” என்றது மூக்காயி.

“அப்போ உன்னை வேற அறைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நான் தனியா எப்படித் தூங்குறது?”

மூக்காயி அழுதுகொண்டு உட்காரவில்லை. மனசுதானே மறக்கிறது, கால் மறக்காதே என்று யோசித்தது. கூண்டுக்குள் சுவரோரமாக ஒரு வட்டம், அதற்குள் சின்ன வட்டம், அதற்குள் இன்னும் சின்னது என்று நாள் முழுக்க நடந்து பழகியது. பக்கத்துக் கூண்டு எலிகள் இதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றன. அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அந்தக் கிழட்டு எலியை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

கடைசி நாள் வந்தது. மங்களேஸ்வரி சத்தமில்லாமல் மேடையை வேறு பக்கம் நகர்த்தி வைத்தார்.

குறுவால் அம்பு மாதிரி முக்கோணத்தை நோக்கிப் பாய்ந்தது. மேடை இல்லை. திரும்பி வந்து அங்கேயே தேடியது. மறுபடியும் அங்கேயே. நிமிடம் முடிந்து, நனைந்து நடுங்கிக் கூண்டுக்கு வந்தது.

அடுத்து மூக்காயி. மேடை எங்கே இருந்தது என்பதே தெரியாததால், அது நகர்ந்ததும் தெரியாது. பெரிய வட்டம், சின்ன வட்டம், இன்னும் சின்னது. ஐம்பத்திரண்டாவது நொடியில் கால் மேடையில் பட்டது.

“அட, கெட்டிக்காரி!” என்று மங்களேஸ்வரி துண்டால் துவட்டிவிட்டார்.

“எங்கேடி இருந்துச்சு? சீக்கிரம் சொல்லு, எனக்கு இன்னும் ஒரு தடவைதான் இருக்கு” என்று குறுவால் பதறியது.

“அதுதான் எனக்கு ஞாபகமில்லையே. நீ முக்கோணத்தைப் பார்க்காத. சுவரோரம் தொடங்கி வட்டமடிச்சு உள்ள வா.”

குறுவாலுக்கு மானம் போகிறாற்போல் இருந்தது. ஆனாலும் வட்டமடித்தது. கண் முக்கோணத்தின் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டது. மூச்சு வாங்கி, இனி முடியாது என்ற நேரத்தில் மேடை தட்டுப்பட்டது!

அன்று இரண்டும் பழையபடி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன.

“நீ இல்லேன்னா நான் போயிருப்பேன்டி” என்றது குறுவால்.

“அப்படியா? நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டுவிட்டு மூக்காயி தூங்கிப்போனது.

தன் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற வழியைப் பழகிக்கொள்பவர் தானும் கரையேறுவார், பிறரையும் கரையேற்றுவார்.