கடைசியில் நின்ற பெரிய டிரம்

பாளையங்கோட்டையில் பதினெட்டுப் பேர் கொண்ட பேண்ட் குழு ஒன்று இருந்தது. திருநங்கைகளும், ஆணை நேசிக்கும் ஆண்களும், பெண்ணை நேசிக்கும் பெண்களும் சேர்ந்து தொடங்கிய குழு அது. மாஸ்டர் ஜெசிந்தா ஒரு திருநங்கை, வயது முப்பத்திரண்டு. டிரம்பெட்டில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் நல்லபெருமாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. பெரிய டிரம் வாசித்தார். அதை மாட்டிக்கொண்டால் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. அதற்காகத்தான் அதைக் கேட்டு வாங்கினார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

அவர்களைப் போன்றவர்கள் வருஷா வருஷம் நடத்தும் வானவில் பேரணிக்கு முந்தின நாள் அவர் மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், என்னைத் தனியா கடைசியில போடுங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"நாம போற ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவுலதான் என் தம்பி கடை. நான் ஆம்பளைய நேசிக்கிறவன்னு அவனுக்குத் தெரியாது. இந்தப் பயம் எப்பம்தான் போவும்?"

"கடைசிதானே? நின்னுக்கிடுங்க," என்றார் ஜெசிந்தா.

மறுநாள் பேண்ட் வாசித்தபடி, பேரணி முடியும் மைதானத்துக்குக் கிளம்பியது. பாதி வழியில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முன்னால் போக வழியில்லை. வாத்தியங்கள் நின்றன.

"பின்னால் திரும்பு!" என்றார் ஜெசிந்தா.

பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள். கடைசியில் நின்றவர் முதல் ஆளாகிவிட்டார். நல்லபெருமாளுக்கு முன்னால் இப்போது வெறும் ரோடு.

பத்தடியில் ஒரு முக்கு. இரண்டு பக்கமும் மைதானத்துக்கு வழி உண்டு. இடது பக்கம் ஆளில்லாத சந்து. வலது பக்கம் தம்பி கடை இருக்கும் தெரு, அவர் பிறந்த தெரு. பெரிய டிரம் போகிற பக்கம்தான் பேண்ட் போகும்.

அவர் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். ஜெசிந்தா டிரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு அவருடைய அடிக்காகக் காத்து நின்றார். சைகை எதுவும் இல்லை.

நல்லபெருமாள் இடது பக்கம் பார்த்தார். பிறகு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் ஒளிந்து ஒளிந்து நடந்த ஆத்திரம். ஓங்கி ஓர் அடி அடித்தார். வலது பக்கம் திரும்பினார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாடியிலிருந்து ஒரு அம்மா குலவையிட்டார். கடை வாசலில், கையில் அரிசிப் படியோடு தம்பி நிற்பது கடைக்கண்ணில் தட்டுப்பட்டது. நல்லபெருமாள் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் தாளம் போய்விடும். பிறந்த தெருவில் அவர் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததே கிடையாது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மைதானத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. டிரம்மை இறக்கி வைத்ததும் அவர் மாஸ்டரிடம் ஓடினார்.

"மாஸ்டர், நான் சரியா பாக்கல. தம்பி மொகம் எப்படி இருந்துச்சு? கோவமா இருந்தானா?"

ஜெசிந்தா டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நாங்க பதினேழு பேரும் உங்க முதுகப் பாத்துல்லா வந்தோம்."