கதவிடுக்கில் வந்த விசா

குளிர்தேசத்துச் சிற்றூர் ஒன்றில் சிவகாசிக்காரி தமயந்தி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தாள். அந்த வட்டாரத்துக் குடியேற்ற விதி திடீரென மாறியது. அவள் லிஃப்ட் பராமரித்த குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாம் மாடி விசா அதிகாரி பெர்சிவல் அவளைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"இந்த வேலைக்கு உள்ளூரில் ஆளே இல்லைன்னு சான்று கொண்டு வா. இல்லேன்னா விசா கிடையாது. அதுவரை ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது!"

சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பியவர் லிஃப்டோடு நடுவழியில் மாட்டிக்கொண்டார்.

"தமயந்தி, கதவைத் திற!"

"நான் தொடக்கூடாதே சார்! உள்ளூர் ஆளைக் கூப்பிடுங்க."

"உள்ளூரில் ஒருத்தனும் இல்லையம்மா!"

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கதவிடுக்கில் நீட்டுங்க சார்."

தாள் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கருவியை எடுத்தாள். விசா வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, உடனே திறக்காதேங்கோ! என்ர பேப்பரும் இருக்கு!"

ஏழு பேருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெர்சிவலுக்குச் சாப்பாடு கிடைத்தது.