நெற்றிக்காசு

சாமி எல்லாருக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். இந்தக் கதையை நிதானமாகக் கேட்டு, முடிவை நீங்களே சொல்லுங்கள்.

பொருநைக் கரையில் ஒரு ராஜாவுக்குக் காசு அடிக்கும் அக்கசாலை இருந்தது. வெள்ளி வில்லையை உலையில் காய்ச்சி இளக்கி, அடியச்சின் மேல் வைத்து, மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி ஒரே அடி அடிப்பார்கள். வெள்ளி அச்சின் பள்ளமெல்லாம் பாய்ந்து நிறைந்தால் காசில் காளை எழுந்து நிற்கும். பிசகின காசு கழிவுத் தட்டுக்குப் போகும். அன்றன்றைக்கு அதை உருக்கிவிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம். வேலைக்காரர் யாராவது இறந்தால், அவர் கையால் கடைசியாக அடித்த காசைத்தான் நெற்றியில் வைத்து அனுப்புவார்கள். அது பழுதுக் காசாக இருந்தாலும் சரி. பெற்றவளோ கட்டினவளோ வந்து அதை எடுக்க வேண்டும்.

ஆவுடையாளின் ஒரே மகன் மயிலேறி அங்கே சம்மட்டி பிடித்தவன். ஒருநாள் உச்சிப் பொழுதில் பட்டறையிலேயே சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவளைக் கூட்டிப் போனார்கள். அவள் அழவில்லை. ஆற்று மணல் கொதித்தது. யாருடைய காலோ சுடுகிற மாதிரி அவள் பாட்டுக்கு நடந்தாள்.

மகனோடு வேலை பார்த்த சுடலைமுத்துதான் முதலில் பேசினான். "பெரியம்மா, நான் பக்கத்துலதான் இருந்தேன். என் வேலையில கண்ணா இருந்ததால அடிச்சதைப் பார்க்கல, திரும்பினப்போதான் பார்த்தேன். கடைசியா அடிச்ச காசைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், கழிவுத் தட்டுல எறிஞ்சான். அப்படியே சாஞ்சுட்டான்."

பல கைகள் எறிகிற தட்டு அது. உள்ளே மூன்று காசுகள் கிடந்தன.

ஒன்றில் காளை ஆழமாகப் பதிந்திருந்தது, ஆனால் விளிம்பு வெடித்திருந்தது. சுடலைமுத்து அதைக் காட்டினான். "சரியா இளகாத வில்லை. அதை இப்படி வெடிக்க அடிக்கிற பலம் அவனுக்குத்தான் உண்டு."

அடுத்ததில் காளை முடிமுடியாகத் தெளிந்திருந்தது. குறுக்கே மட்டும் மெல்லிய கோடு ஒன்று புடைத்திருந்தது. உலைக்காரர் கொண்டப்பன் சொன்னார்: "அச்சு விரிசல் விட்டிருக்கு தாயி. அதைக் கண்டுதான் உதட்டைப் பிதுக்கியிருப்பான்."

மூன்றாவதில் காளைக்கு இரண்டு முகம். மங்கலாக ஒன்று, அதன்மேல் கொஞ்சம் விலகி இன்னொன்று.

"இது எவனோ கத்துக்குட்டி அடிச்சது," என்றான் சுடலைமுத்து. "ரெண்டாம் அடி அடிச்சா மயிலேறி விடுவானா? 'ஏலே, அது சம்மட்டியா, கூழ் கிண்டுற அகப்பையா'ம்பான். நேத்துக்கூட என்னைக் கேட்டான்."

கண்காணி தாண்டவராயர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒன்றுதான் வெளியே போகலாம் அம்மா. மற்ற இரண்டும் இப்போதே உலைக்குப் போகும். பார்த்து எடுங்கள்."

தப்பாக எடுத்தால் பிள்ளையின் கடைசிக் காசு உருகிப்போகும். ஊரான் அடித்தது அவன் நெற்றியில் இருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நெஞ்சு துடிக்கவில்லை. காலையில் நடந்தது மட்டும் கண்ணில் நின்றது. திருநீறு பூசும்போது அவன் நெற்றி அனலாக இருந்தது. கஞ்சியைத் தொடவில்லை. செம்பைத் தூக்கினவன் கை நடுங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி தூக்கினான். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்று சிரித்துவிட்டுப் போனான். அவளும் சொல்லவில்லை.

"காந்திமதித் தாயே," என்று முணுமுணுத்து, தட்டில் கை வைத்தாள்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். மூன்றில் மயிலேறி அடித்தது எது? எப்படிச் சொல்கிறீர்கள்?

விடை: இரட்டை முகக் காசு. விளிம்பு வெடித்ததும் கோடு விழுந்ததும் பலமான அடி வாங்கிய காசுகள்; காளை ஆழப் பதிந்ததே சாட்சி. முதல் அடியே அழுந்த விழுந்தால் வெள்ளி அச்சைக் கவ்விக்கொள்ளும், அசையாது. அடி மெலிந்தால்தான் காசு நழுவும், மறுபடி அடிக்க வேண்டிவரும். மயிலேறியின் பலத்தைத் தெரிந்தவர்கள் அன்றைய மயிலேறியைத் தேடவில்லை. ஆவுடையாள் அதை எடுத்ததும் சுடலைமுத்து பதறிப்போனான். "அது வேண்டாம் பெரியம்மா, அவன் பேரு கெட்டுப்போகும்." அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "காய்ச்சல்ப்பா அவனுக்கு."