எதிர்முள் இல்லாத தூண்டில்

கொம்பையாவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவருடைய ஆசான் பிரகாசிக்கு முப்பத்தைந்துதான் இருக்கும். தன்னைவிடச் சின்னப் பெண்ணைப் போய் வாய் நிறைய ‘ஆசானே’ என்று கூப்பிடுகிறாரே என்று தூத்துக்குடியில் சிரிக்காத ஆள் கிடையாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கொம்பையா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு பொம்மை மீனை வீசி, இடுப்புயரக் கொடுவா மீன் ஒன்றை அவள் கரைக்குக் கொண்டுவந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றைக்கே சிஷ்யராகச் சேர்ந்துவிட்டார்.

பிரகாசி தூண்டில் சாமான் கடை வைத்திருந்தாள். விற்பதைவிடப் பழுது பார்ப்பதுதான் அதிகம். பேச்சு ரொம்பக் குறைவு. ஒன்றைக் கேட்டால், அவள் பதில் சொல்வதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் போவதாக ஏற்பாடு. தாமிரபரணி கடலில் விழுகிற இடம் அது. கடல் தண்ணீர் ஏறும்போது கொடுவாவும் சேர்ந்து உள்ளே வரும். சனிக்கிழமை மத்தியானம் கொம்பையா தன் தூண்டில் ராடையும், பொம்மை மீன்கள் இருந்த டப்பாவையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“ஆசானே, எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதடவ பாத்துச் சொல்லுங்க.”

பிரகாசி ராடை வாங்கிக்கொண்டாள். தூண்டில் நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுற்றினாள். ஒரு வளையத்தில் பஞ்சு சிக்கியது.

“இதுல கீறல் இருக்கு. மீன் இழுக்கும்போது நரம்ப அறுத்திரும்.”

அந்த வளையத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தாள். சிவப்பு நூல்கண்டை எடுத்து, வளையத்தின் காலை ராடோடு சேர்த்து நெருக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள். கொம்பையா வளையத்தைப் பார்க்கவில்லை. நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, அதுல ஒரு முழம் எனக்குக் கொடுங்க.”

“எதுக்கு?”

“கையில கெட்ட.”

பிரகாசி அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு கிடந்த இடம் மட்டும் வெளிறிப்போய் வட்டமாகத் தெரிந்தது.

“கோயில் கயிறு எங்க?”

“காலையில அத்துட்டு.”

குடியை விட நினைக்கிற ஆண்கள் அந்தப் பக்கம் கோயிலுக்குப் போய், சாமி முன்னால் ஒரு கெடு சொல்லிக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கிறவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மொடாக்குடியன்கூட, “கயிறு கெட்டியிருக்காரு, விடுங்கல” என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவான். கொம்பையா இதற்கு முன்னும் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கெடு முடிந்து கயிறு அவிழ்ந்த அன்றைக்கே, விட்டதையெல்லாம் வட்டியும் முதலுமாகக் குடித்துத் தீர்த்திருக்கிறார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

போன தடவை சறுக்கியபோது அவர் மனைவி இசக்கியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது திரும்பி வந்திருக்கிறாள். ஆனால் சேலைகளை இன்னும் பீரோவில் அடுக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துகிறாள், துவைத்து மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறாள். இன்னொரு தரம் குடித்துவிட்டு வந்தால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். பெட்டியை எடுப்பாள், போய்விடுவாள். பிறகு வரமாட்டாள்.

“நாளைக்கு யார் படகு?” என்று பிரகாசி கேட்டாள்.

“சங்கரபாண்டி படகு.”

சங்கரபாண்டி படகில் ஐஸ்பெட்டி இரண்டு உண்டு. அதில் ஒன்றுதான் மீனுக்கு.

“போகாம இருந்திரலாம்லா அண்ணாச்சி?”

“எத்தன நாளைக்குப் போகாம இருப்பேன்? என் பேட்டரிக் கடைக்கு எதுத்த கடை அவன் கடை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவன் நிப்பான், சாவு வீட்டுக்குப் போனாலும் அவன் நிப்பான். மீன்பிடியையும் விட்டுட்டா எனக்கு வேற என்ன இருக்கு ஆசானே?”

பிரகாசி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கோயில்ல செவ்வாய்க்கெழமதான் கெட்டுவாவ. அதுவரைக்கும் இந்த நூலக் கெட்டிக்கிடுதேன். இதுவும் செவப்பு, அதுவும் செவப்பு. யாருக்குத் தெரியப் போவுது?”

“சாமிக்கு?”

“சாமி நாளைக்குப் படகுல வரல.”

பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளையத்துக்கு வேண்டியதைச் சுற்றி முடித்து, நூலைக் கத்தியால் அறுத்தாள். நூல்கண்டை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள்.

“டப்பாவத் தெறங்க.”

கொம்பையா திறந்தார். பொம்மை மீன்கள் வரிசையாகக் கிடந்தன. வெள்ளி முதுகு, பச்சை முதுகு, சிவப்புத் தலை என்று பார்த்துப் பார்த்து வாங்கியவை. இந்தப் பயணத்துக்கென்றே எல்லாவற்றிலும் புதுத் தூண்டில் கொக்கி மாட்டியிருந்தார். நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கிற அளவுக்குக் கூர்.

தூண்டில் முனைக்குக் கொஞ்சம் கீழே, எதிர்ப்பக்கம் சாய்ந்து ஒரு சின்ன முள் நிற்கும். குத்தியது திரும்பி உருவி வராமல் பிடித்துக்கொள்வது அந்த எதிர்முள்தான். பிரகாசி குறடு ஒன்றை எடுத்தாள். முதல் தூண்டிலின் எதிர்முள்ளைக் குறட்டின் வாயில் வைத்து அழுத்தினாள். அது படிந்து, கம்பியோடு கம்பியாகிவிட்டது.

“ஆசானே! என்ன செய்யுதீங்க?”

அவள் அடுத்த முள்ளை நசுக்கினாள்.

“புதுத் தூண்டிலு ஆசானே!”

அவள் டப்பாவை முடிக்கும்வரை நிறுத்தவில்லை. கொம்பையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆசானாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் குறடு பறந்திருக்கும்.

“கொடுவா தண்ணிக்கு மேல தாவும். தாவி, தலைய உதறும். எதிர்முள் இல்லன்னா தூண்டில் எப்படி நிக்கும்?”

“பின்னால வாங்க” என்றாள் பிரகாசி.

கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு மணல் வெளி. பிரகாசி வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற தடித்த தோல் உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். ராடை அவரிடம் கொடுத்துவிட்டு, நரம்பின் நுனியில் ஒரு பொம்மை மீனைக் கட்டி, அதன் தூண்டில் ஒன்றை உறையின் தோலில் குத்திக்கொண்டாள்.

“நான்தான் மீன். விடாதீங்க.”

சொன்ன கையோடு ஓடினாள். நரம்பு சுற்றியிருந்த ரீல் கிறீச்சிட்டது, ராடு வளைந்தது. கொம்பையா காலை ஊன்றிப் பிடித்தார். அவள் சட்டென்று திரும்பி அவரை நோக்கியே ஓடிவந்தாள். அவர் நரம்பு தொய்யாமல் பரபரவென்று சுற்றினார். அவள் கையை உயரத் தூக்கி உதறினாள். தூண்டில் நின்றது.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. சங்கரபாண்டியாகத்தான் இருக்கும். யாரென்று பார்க்கக் கொம்பையா ஒரு கையை எடுத்தார். நரம்பு தொய்ந்தது. பொம்மை மீன் மணலில் விழுந்தது.

“போச்சு” என்றாள் பிரகாசி.

“போன் வந்துச்சு ஆசானே.”

“மீனுக்கு அது தெரியாது.”

மறுபடி குத்திக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. தோளை உயர்த்தித் துடைத்தார், அவ்வளவுதான். பொம்மை மீன் மணலில் கிடந்தது.

“எதிர்முள் இருந்திருந்தா போயிருக்காது!” கொம்பையா கத்தியே விட்டார்.

“ஆமா.”

“கொஞ்சம் கைய விட்டாலும் அது பிடிச்சுக்கிடும்லா?”

“பிடிச்சுக்கிடும். அந்த நம்பிக்கையிலதான கைய விட்டுப் பழகிட்டீங்க.”

கொம்பையாவுக்கு, கயிறு கட்டியிருந்த காலமெல்லாம் அது அவிழப் போகிற நாளைத் தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இசக்கியம்மாளிடம் அதைச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. ராடை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ ஆசானே.”

அவள் ஓடினாள். திரும்பினாள், பக்கவாட்டில் பாய்ந்தாள், குனிந்தாள், குதித்தாள். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த பெண் துணியை மறந்து வேடிக்கை பார்த்தாள். வியர்வை கண்ணில் எரிந்தது. எரியட்டும் என்று விட்டார். போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அதையும் விட்டார். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில் பிரகாசி மூச்சு வாங்கிக்கொண்டு அவர் காலடிக்கே வந்து நின்றாள். தூண்டில் தோலில் அப்படியே இருந்தது.

அவள் ஒரு விரலால் தட்டினாள். பூவைத் தட்டியதுபோல உதிர்ந்தது.

“இவ்வளவு லேசாவா நின்னுச்சு?” என்றார் கொம்பையா.

பிரகாசி உறையைக் கழற்றிக்கொண்டு கடைக்குள் போனாள்.

கொம்பையா பின்னாலேயே வந்து உட்காரும்போது போன் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். சங்கரபாண்டியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“ஏ கொம்பையா, எங்கல போய்த் தொலைஞ்ச? விடியுமுன்ன படக எடுத்திருவேன், வந்து சேரு. ஆமா, ஒன் கயித்த எப்ப அவுக்கப் போற?”

கொம்பையா பிரகாசியைப் பார்த்தார். அவள் ஒரு ரீலைப் பிரித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொய் போதும், நாளைக்கு முழுக்க நிம்மதியாக மீன் பிடிக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“அத்துட்டுல.”

சங்கரபாண்டி சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

“சாமியே அவுத்து விட்டுட்டுன்னு சொல்லு! பெறவென்ன, நாளைக்கு ஒனக்குத் தனியா ஒரு பாட்டிலு.”

“வேண்டாம். நான் குடிக்கமாட்டேன்.”

“வேற எந்தக் கோயில்ல கெட்டியிருக்க?”

“எங்கயும் கெட்டல.”

“ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரோ?”

“சொல்லல.”

“பெறவு?”

“பெறவு ஒண்ணும் இல்ல. குடிக்கமாட்டேன், அவ்வளவுதான்.”

“குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு” என்றான் சங்கரபாண்டி. “நாளைக்குப் படகுல வச்சுப் பாப்போம்ல.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

கொம்பையா போனைப் பையில் போட்டார். ஒரு கோயில் பெயரையும் சொல்லாமல் அந்த வார்த்தையை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

பொம்மை மீன்களை ஒவ்வொன்றாக எடுத்தார். குறட்டுக்குத் தப்பிய எதிர்முள் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றில் லேசாக உறுத்தியது. மேசை மேலிருந்த குறட்டை எடுத்து, அதைத் தன் கையாலேயே நசுக்கினார். பிரகாசி பார்த்தாள். டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

வாசல்வரை போனவர் நின்றார்.

“அவன் விடமாட்டான் ஆசானே. படகு கெளம்புனதுலயிருந்து கரை வந்து சேருத வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பான். இவனை விட்டா நாளைக்கழிச்சு இன்னொருத்தன் கேப்பான். இப்ப கொஞ்ச நேரம் பிடிச்சதுக்கே கை இந்த வலி வலிக்கு. காலம் பூரா இப்படியே வலிச்சா என்ன செய்ய?”

பிரகாசி ரீலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வலிக்கும் அண்ணாச்சி. வலிக்கிற வரைக்கும் மீன் இருக்கு. சட்டுனு வலி நின்னுட்டுன்னா மட்டும் பயப்படுங்க.”