இருபத்திரண்டும் இருபத்தைந்தும்

பாளையங்கோட்டையில் ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. அதன் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் இரண்டு எண்கள் குடியிருந்தன. மேலே இருந்தது இருபத்தைந்து. அந்த ஊர் லீக்கில் ஆடும் பேட்ஸ்மேன்கள் எல்லோருக்குமான சராசரி அது. கீழே இருந்தது இருபத்திரண்டு. கிளப்பின் மூத்த ஆட்டக்காரர் ஆறுமுகநயினார் இத்தனை வருஷமும் ஆடிச் சேர்த்த சராசரி.

மேலே உட்கார்ந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காதே.

"ஊரையே கூட்டி வகுத்துப் பெத்த பிள்ளை நான்," என்றது இருபத்தைந்து. "நீ என் தோள் உயரம்கூட இல்ல. நாளைக்கு ஃபைனல். உன் ஆளு வெளியதான் உக்காரணும்."

இருபத்திரண்டுக்கும் அந்தக் கவலைதான். கிளப் இப்போதுதான் முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்திருந்தது. நயினாருக்கோ இது கடைசி சீசன். நாளைக்கு விட்டால் விட்டதுதான்.

மூலையில் இருந்த கிட் பையிலிருந்து ஒரு பழைய பந்து தலையை நீட்டியது. நிறம் போய், தோல் உரிந்து, பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் புதுசா இருந்தப்போ என்ன திமிரு தெரியுமா? நார்ப்பாய் விரிச்ச பிட்ச்சுல குத்துனா நேரா நெஞ்சுக்குத்தான் எழும்புவேன். நயினார் அண்ணாச்சிதான் முதல் ஆளா எறங்கி நின்னு அவ்வளவையும் வாங்கினாரு. என் மினுமினுப்பெல்லாம் அவரு பேட்டுலயும் விலாவுலயும்தான் போச்சு. பொறவு வந்தவங்க அடிச்சது என்னய இல்ல, என் மிச்சத்த."

"அதெல்லாம் கணக்குல வராது," என்றது இருபத்தைந்து.

வராதுதான். அதுதானே வயிற்றெரிச்சல்.

அந்த நேரம் கேப்டன் ஸ்டீபன் உள்ளே வந்தான். கூடவே நயினாரும், கிளப்பிலேயே அதிக ரன் அடிக்கும் ஜெரோமும் வந்தார்கள்.

ஸ்டீபன் பலகையைப் பார்த்தபடியே பேசினான். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. நாளைக்கு ஜெரோம முதல்ல எறக்கலாம்னு..."

"நம்பர் பொய் சொல்லாதுல்லா. நான் தண்ணி கொண்டு வாரேன்," என்றார் நயினார். சொல்லிவிட்டாரே தவிர, முகம் தொங்கிப்போய்விட்டது.

ஜெரோமுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. "ஏ ஸ்டீபா, வெளையாடுதியா? புதுப் பந்துன்னா எனக்குக் கை காலு ஒதறும்லே. அண்ணாச்சி போய் அதப் பழசாக்கிக் குடுத்தாத்தான் நான் அடிப்பேன். அவரு இல்லன்னா என்னயும் எடுத்துரு."

ஸ்டீபன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். "சரி. அண்ணாச்சிதான் ஓப்பனிங்."

மறுநாள் நயினார் எடுத்தது பதினேழு ரன்தான். ஆனால் வெகுநேரம் நின்றார். விலா சிவந்துபோனது, பந்தும் பழசாகிப்போனது. அவர் அவுட்டாகித் திரும்பும்போது, எதிரே வந்த ஜெரோம் அவர் கையைத் தட்டிவிட்டுப் போய் எண்பது அடித்தான். கோப்பை வந்தது. நயினார் ஒரு கையால் ஐஸ்கட்டியை விலாவில் அழுத்திக்கொண்டு மறு கையால் பிரியாணி சாப்பிட்டார். அப்படியொரு ருசியான பிரியாணியை அவர் அதுவரை சாப்பிட்டதே இல்லை.

பிறகு ஒருநாள் ஸ்டீபன் பலகையைத் துடைத்துப் புதிதாக எழுதினான். ஜெரோமின் எண்பதால் லீக் சராசரி, தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் துளி ஏறியிருந்தது. பதினேழால் நயினாரின் சராசரி துளி இறங்கியிருந்தது.

"பாத்தியா, நான் இன்னும் ஏறிட்டேன்! நீ இன்னும் எறங்கிட்ட!" என்று கெக்கலித்தது இருபத்தைந்து.

இருபத்திரண்டு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது.

"ஏறு, நல்லா ஏறு. கீழ ஏணியப் பிடிச்சிட்டு நிக்கது எங்க அண்ணாச்சிதான்."