மூட்டையில் கட்டிய பேஸ்

திருப்பூரில் நாச்சிமுத்து, ஆறுக்குட்டி, திருமூர்த்தி என்று மூன்று பங்காளிகள். பனியன் கம்பெனியை விற்றுவிட்டு மாஸ்டரிங் ஸ்டுடியோ கட்டினார்கள். பாட்டு வெளியே போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கும் அறை அது. மூவருக்கும் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. கட்டடம் மட்டும் அருமை.

இசையமைப்பாளர் அருள்தாஸ் தன் படப் பாட்டெல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அறையை அளந்து, சத்தம் சரியாக இருக்கிறது என்று இன்ஜினியர் ஜெயசீலி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூவரும் நாச்சிமுத்துவின் மாமனாருடைய சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

ஜெயசீலி நாற்காலி அருகே மைக்கை நிறுத்தினாள். "அளக்கறப்ப மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது" என்றாள்.

ஸ்பீக்கர் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறிக் கீச்சென்று முடிவதற்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஆறுக்குட்டி தொப்பென்று மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி, மறுபடி அளந்தார்கள்.

ஜெயசீலி உதட்டைப் பிதுக்கினாள். "பேஸ், அதான் திம்மு திம்முன்னு இடிக்கிற சத்தம், எல்லாம் மூலையில குவிஞ்சு கிடக்கு. நாற்காலிப் பக்கம் ஒண்ணுமே இல்ல. சரி பண்ணி வைங்க, சாப்பிட்டுட்டு வந்து திரும்ப அளக்கறேன்."

அவள் போனதும் திருமூர்த்தி விளக்குமாற்றால் நாலு மூலையையும் கூட்டினான். தூசிதான் வந்தது.

"பேஸு கண்ணுக்குத் தெரியாதுடா, காத்து மாதிரி" என்றான் மூத்தவன் நாச்சிமுத்து. "சாக்குல பிடிச்சு நாற்காலில கொட்டோணும்."

பாட்டைப் போட்டு, மூலைக்கு நேரே சாக்கைப் பிரித்துப் பிடித்து, வாயை இறுக்கிக் கட்டினார்கள். நாற்காலிமேல் பயபக்தியோடு உதறினார்கள். ஆறுக்குட்டி உட்கார்ந்து பார்த்தான்.

"ஒண்ணும் இடிக்கலீங்கண்ணா."

"வர்ற வழியில சிந்திருச்சு. சாக்குல ஓட்டை இருக்குது பாரு."

ஓட்டை அடைக்க என்ன செய்வது? பழைய கம்பெனியின் பனியன் வேஸ்ட் துணி பின்கட்டில் மலைபோல் கிடந்தது. பெரிய சாக்குகளை மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, அதைத் திணித்து மிதித்தார்கள். ஒவ்வொன்றும் கூரைவரை நின்றது. மூவரும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை.

"பாத்தியா, எம்புட்டு பேஸு உள்ள இருக்குதுன்னு!" என்று மலைத்தான் நாச்சிமுத்து. நாற்காலிவரை கொண்டுபோக முடியவில்லையே, சாயப்பட்டறைதான் கதி என்று மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். பாவம், திருமூர்த்தி அழுதேவிட்டான்.

திரும்பி வந்த ஜெயசீலி, ஆறுக்குட்டி மறுபடி விழுந்துவிடப் போகிறானே என்று எல்லாரையும் வெளியே அனுப்பி, தானும் வாசலுக்கு வெளியே நின்று கதவைச் சாத்தி அளந்தாள். கம்ப்யூட்டரில் கோடு மேடுபள்ளம் இல்லாமல் போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

"பிரமாதம்! மூலையில வெச்ச துணி மூட்டை, குவிஞ்ச பேஸை உறிஞ்சிருச்சு. அளந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும். ஒரு துரும்பைக்கூட மாத்தாதீங்க."

மறுநாள் அருள்தாஸ் பாட்டோடு வந்தார். மாலை போட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பாட்டை உள்ளே ஓடவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

"நான் உள்ள போக வேண்டாமா?"

"அளந்தப்ப உள்ள ஆளே இல்லீங்க. நீங்க போனா அளவு கெட்டுரும்."

"அப்ப பாட்டை யாரு கேக்கறது?"

"ரூமு கேக்குதுங்களே!"

கெட்டிக் கதவு, வெளியே ஈ பறக்கும் சத்தம்தான். பாட்டு முடிந்ததும் நாச்சிமுத்து கதவைத் தட்டி, "எப்படிங்க இருந்துச்சு?" என்று விசாரித்து, காதை வைத்து வெகுநேரம் கேட்டான். திரும்பியபோது முகமெல்லாம் பல்.

"ஒரு குறையும் சொல்லலீங்க."

அருள்தாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல என் பாட்டை முழுசாக் கேட்டுட்டுக் குறை சொல்லாதது இந்த ரூம்தாங்க. தமிழ், தெலுங்கு, எல்லாப் பாட்டும் இனி இங்கதான்!"

அவர் போனதும் ஆறுக்குட்டிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "அண்ணா, நம்ம ரூமுக்குத் தெலுங்கு தெரியாதுங்களே?"

நாச்சிமுத்து தாடையைச் சொறிந்து யோசித்தான்.

"ஒரு மூட்டையைப் பிரிச்சு, குண்டூர்ப் பஞ்சை அடைச்சு வெச்சிருவோம்."