மூடிய கையின் அச்சு

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மழைக்கும் வரி கேட்ட காலத்தில், ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். மரக்கட்டையால் துணியில் பூ அச்சடிப்பது அவள் தொழில். அவள் புருஷன் சுடலைமுத்து போருக்குப் போய், வலது கையை மூடிக்கொண்டே திரும்பி வந்தான்.

வைத்தியர் எண்ணெய் தடவினார், கை திறக்கவில்லை. மந்திரவாதி வேப்பிலை அடித்தான், திறக்கவில்லை. அவன் போன பிறகு பிறந்த மகள் பேச்சி, தூக்கச் சொல்லி அழுதாள். அப்போதும் திறக்கவில்லை.

ஒருநாள் சுடலைமுத்து கால் இடறி விழுந்தான். மூடிய கை ஆவுடையின் கறுப்புச் சாயத்தொட்டியில் முங்கி வெள்ளைத் துணியில் பதிந்தது. துணியில் கைத்தடம் இல்லை. ஒரு குதிரை நின்றது. அதன் வயிற்றில் ஒரு கதவு, கதவிடுக்கில் பத்து விரல்கள்.

ஆவுடை சட்டென்று அதன்மேல் ஒரு தாமரையை அச்சடித்து மறைத்தாள். அவன் கை இன்னும் இறுகியது. நகம் இறங்கி ரத்தம் கசிந்தது.

சாயத்தொட்டி கொப்புளித்துச் சிரித்தது. "ஏட்டி ஆவுடை, கட்டையில சாயம் அடைச்சா அதுமேல பூவா வைப்ப?"

"வெறுந்துணியில ஒத்தி ஒத்தி எடுப்பேன். சாயம் தீருற வரைக்கும்."

"அதையே அவன் கைக்கும் செய். பார்த்துக்கிட்டே செய். முகத்தைத் திருப்பினா சாயம் திரும்ப ஊறிக்கும்."

ஆவுடை புதுத்துணி விரித்தாள். அவன் கையைப் பிடித்து ஒற்றினாள். அதே குதிரை.

"என்னங்க இது?"

"குதிரையில போய் நாங்க எரிச்ச வீடு. உள்ள ஆள் இருந்தாங்க."

அவள் முகத்தைத் திருப்பவில்லை. மறுபடி ஒற்றினாள். முகம் இருக்கும் இடத்தில் கிணறு உள்ள ஒரு பெண், கொஞ்சம் மங்கலாக.

"தீயோட ஜன்னல் வழியா குதிச்சு, கிணத்துல விழுந்தவ. பேர் தெரியாது."

முகத்தைத் திருப்பவில்லை. மறுபடி ஒற்றினாள். தலைக்குப் பதில் பூட்டு தொங்கும் ஒரு சிப்பாய், இன்னும் மங்கலாக.

"நான்தான். கதவைப் பூட்டுன்னு தளபதி சொன்னான். பூட்டினேன்."

அப்போதும் ஆவுடை முகத்தைத் திருப்பவில்லை. நாலாவதாக ஒற்றியபோது வெறும் கைத்தடம்தான் விழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கையில் ஒரு சாவி.

சுடலைமுத்து சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சியைத் தூக்கினான். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு அவளை ஆவுடையிடம் கொடுத்தான்.

"அந்த வீட்டுப் பெரியவர் அன்னைக்கு வயலுக்குப் போயிருந்தாராம். இதை அவர்கிட்டதான் கொடுக்கணும்."

"அவர் உங்களைச் சும்மா விடுவாரா?"

"தெரியல. ஆனா திரும்பி வந்தா கையை வீசிக்கிட்டு வருவேன்."

ஆவுடை தடுக்கவில்லை. வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். சாவியை வேட்டி முனையில் முடிந்துகொண்டு, அவன் நடந்தான்.